கிதார் என்றால் இரைச்சல்தானா?

இந்த இதழில் பெரும்பாலும் இலக்கியமும் ஆன்மிகமும் பயண அனுபவமும்தான் வருகின்றன. இம்முறை நான் சில ராக் இசைத் தொகுப்புகளைச் சிபாரிசு செய்யப் போகிறேன். தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அறுபதைத் தாண்டிய ரயில்வேக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 1980 முதல் 38 வருஷம் தண்டவாளத்தில் டிராலியில் போய், எந்த ஜாயின்டில் ஃபிஷ் பிளேட் தளர்ந்திருக்கிறது, எந்த ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறங்கியிருக்கிறது என்று பாதி கண்ணாலும் பாதி காதாலும் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். சிவில் டிப்ளமோ படிப்பில் இதைச் சொல்லித் தரவில்லை, காதுதான் கற்றுக்கொண்டது. சத்தம் எது, தாளம் எது என்று அபிப்பிராயம் சொல்ல அந்த ஒரு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற பொங்கலின்போது நம் பகுதியில் ஒரு தமிழ் அமைப்பு (பெயர் எதற்கு?) கலைநிகழ்ச்சி நடத்தியது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு கிதார், ஒரு பேஸ் கிதார், டிரம்ஸ், ஒரு பெண் பாடுகிறாள். இருபது நிமிடம் கேட்டார்கள். "சினிமாப் பாட்டு பாடுவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் இரைச்சலுக்கு நேரமில்லை" என்று பதில். அவர்கள் பாட இருந்தது தாங்களே எழுதி மெட்டமைத்த தமிழ்ப் பாட்டு. ஐவரில் இரண்டு பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது; நாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்த மேடையில் அன்று ஒன்றரை மணி நேரம், வாடகைக்கு வந்த மெல்லிசைக் குழுவினர் ரெக்கார்டு செய்த பின்னணி இசைக்கு வாயசைத்துப் பாடிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "எங்க ஹிந்தி ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இந்தத் தமிழ்ப் பாட்டைக் கேட்கிறாங்க அங்கிள். தமிழ்க்காரங்கதான் வேண்டாம்கிறாங்க." எனக்குத் தூக்கம் வரவில்லை.

மெல்லிசையை நான் பழிக்கவில்லை. எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் இல்லாமல் நானும் வளரவில்லை. ஆனால் சினிமாவுக்கு வெளியே பாட்டே கிடையாது, இருந்தால் அது மார்கழிக் கச்சேரி மட்டுமே என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. 'இண்டி' என்று இளைஞர்கள் சொல்வது 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம். படத்தையும் நடிகரையும் பெரிய கம்பெனியையும் நம்பாமல் தாங்களே பாட்டெழுதி, தாங்களே வாசித்து, தாங்களே வெளியிடும் இசை. முன்பு ஒலிப்பதிவு நிலைய வாடகைக்கே சொத்தை விற்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு கம்ப்யூட்டரும் நல்ல மைக்கும் இருந்தால் படுக்கையறையிலேயே ஒரு தொகுப்பை முடித்துவிடுகிறார்கள்.

தில்லித் தமிழர்களுக்கு நெருக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கரோல் பாக் என்றால் நம்மில் மூத்தவர்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்! ஒரே அறையில் நான்கு பேர், மெஸ் சாப்பாடு, பூசா ரோடு பஸ், ஊரிலிருந்து வரும் கடிதம். 1983-ல் நானும் அங்கேதான் குடியிருந்தேன். அதே கரோல் பாக்கில், கஜூர் ரோடில், ஒரு பழைய பங்களாவில் பல வருஷம் ஒத்திகை பார்த்து வளர்ந்த குழுதான் 'இந்தியன் ஓஷன்'. 1990-ல் சுஷ்மித் சென்னும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கியது. பின்னால் பேஸ் கிதாருக்கு ராகுல் ராமும் டிரம்ஸுக்கு அமித் கிலமும் சேர்ந்தார்கள். 1997-ல் மேடைக் கச்சேரியையே பதிவு செய்து 'டெசர்ட் ரெயின்' என்று வெளியிட்டார்கள். 2000-ல் வந்த 'கண்டிசா' அவர்களை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. அதன் தலைப்புப் பாட்டு, கேரளத்து சிரியன் கிறித்தவர்களின் பழைய சிரியாக் மொழித் துதி. வங்காளியும் காஷ்மீரியும் இருக்கும் ஒரு தில்லிக் குழு, கேரளத்து தேவாலயத்தில் ஒலிக்கும் மேற்காசிய மொழிப் பாட்டைக் கிதாரோடு பாடுகிறது! அதே தொகுப்பில் நர்மதைக் கரை மக்களின் பாட்டும் இருக்கிறது. ராகுல் ராம் நர்மதைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர்.

அந்த பங்களாவின் கதவு எண்ணையே பெயராக வைத்து 2010-ல் '16/330 கஜூர் ரோடு' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். ஏழு பாட்டுகள். மாதம் ஒன்றாக, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்கள். கம்பெனியோடு மல்லுக்கட்டுவதைவிட, பாட்டு ஊர் முழுக்கப் போகட்டும், கச்சேரிக்கு ஆள் வரட்டும் என்பது கணக்கு. அதில் இருப்பதுதான் அஷீம் கடைசியாகப் பதிவு செய்த குரல். 2009 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். சம்மணமிட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார் மனிதர். பாடுபவன் தானே தாளமும் போட்டால் மூச்சு எங்கே நிற்கும், கை எங்கே ஓடும் என்பதற்கு அந்தத் தொகுப்பு ஒரு பாடம். இரவு நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். நடுவில் சீரியல் பார்க்க எழுந்து போகாதீர்கள்.

இவர்களைப் பற்றி ஜெய்தீப் வர்மா எடுத்த ஆவணப்படம் 'லீவிங் ஹோம்' தேசிய விருது பெற்றது. வீட்டை விட்டுப் போவது என்ற அந்தப் பெயரே நம்மைப் போன்றவர்களுக்கு வைத்ததுபோல் இருக்கிறது. 2014-ல் வந்த 'தண்டானு'வில் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் வயலின் கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் குமரேஷும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். கஞ்சிராவுக்காக ஒரு முறை, பேஸ் கிதாருக்காக ஒரு முறை என்று அதைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். சுஷ்மித் சென் 2013-ல் விலகிய பிறகும் குழு நிற்கவில்லை. 2023-ல் 'தூ ஹை' வந்தது. பழைய வேகம் சற்றுக் குறைவுதான் என்பது என் அபிப்பிராயம். நிதானம் கூடியிருக்கிறது.

அடுத்தது பெங்களூர். 'அகம்' என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட குழு. பெரும்பாலும் சாஃப்ட்வேர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சனி ஞாயிறுகளில் வாசித்துப் பேர் வாங்கியவர்கள். பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் வயலினும் வாசிப்பார். 2012-ல் முதல் தொகுப்பு, 2017-ல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்', 2025-ல் மூன்றாவதாக 'அரைவல் ஆஃப் தி எதீரியல்'. சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவையும் தீட்சிதரின் 'ரங்கபுர விஹாரா'வையும் எலெக்ட்ரிக் கிதாரோடும் டிரம்ஸோடும் வாசிக்கிறார்கள். புதிய தொகுப்பில் தியாகராஜரின் சாரமதி கீர்த்தனை 'மோக்ஷமு கலதா' ஒரு பெரிய சேர்ந்திசையாக விரிகிறது.

சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள் என்று தெரியும். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான்கு வீதியும் அதிரும்படி வாசிக்கிற தவிலை நாம் இரைச்சல் என்று சொல்லியிருக்கிறோமா? வயலின் எங்கிருந்து வந்தது? பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதானே! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலெக்ட்ரிக் வாத்தியம்தான். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கல்யாணி வாசித்தபோது தலையாட்டினோம். ராகம் கெடாமல் இருந்தால் சரி. 'அகம்' விஷயத்தில் ராகம் கெடவில்லை. என் குறை வேறு: சில இடங்களில் வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போய்க் குரலை மூடிவிடுகிறார்கள். பாலத்துக்கு வேண்டியதற்கு மேல் இரும்பு போட்டால் சுயபாரமே அதிகமாகிவிடும் என்று எங்கள் துறையில் சொல்வோம். முதல் தொகுப்பு அந்த விதத்தில் கச்சிதமானது. அதில் ஆரம்பியுங்கள்.

'பீட்டர் கேட் ரெகார்டிங் கம்பெனி' என்று இன்னொரு தில்லிக் குழு. முழுக்க ஆங்கிலம். 2019-ல் 'பிஸ்மில்லா', 2024-ல் 'பீட்டா'. சூர்யகாந்த் சாஹ்னி பாடுவது நம் காலத்து ஆங்கிலப் படங்களில் கோட் சூட் போட்டவர் மைக்கைத் தடவிக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். நடுவே டிரம்பெட் கேட்டால் தில்லிக் கல்யாண ஊர்வலத்து பேண்டு ஞாபகம் வரும். பேரன் பேத்திகளோடு காரில் போகும்போது போடுங்கள். அவர்கள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

தமிழுக்கு வருகிறேன். இங்கே சற்றுத் தயக்கத்தோடு, ஆனால் மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி செய்தது. இசையமைப்பாளர் டென்மாவும் இயக்குநர் பா. இரஞ்சித்தும் உருவாக்கிய குழு. வடசென்னைக் கானாவும் பறையும் ராக் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற தொடரிலிருந்துதான் பெயரை எடுத்தார்கள். இட ஒதுக்கீடு பற்றியும் மலக்குழி மரணம் பற்றியும் பாடுகிறார்கள். "நம் விழாவில் அரசியல் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்த பிறகும், புதிதாக வந்த தமிழரிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, ஊர் தெரிந்ததும் "அங்கே எந்தத் தெரு?" என்று கேட்கிறோமே, அது அரசியல் இல்லையா? பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர்கள் இரவு டியூட்டியில் மேசையைத் தட்டிக் கானா பாடக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் வீட்டு இசை. அதை மேடையில் மரியாதையோடு கேட்க எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் அதுவரை எந்தத் தமிழ் மேடையும் அதற்கு இடம் கொடுத்து நான் பார்க்கவில்லை.

இதே டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்த 'குரங்கன்' குழுவின் பாட்டுகளையும் தேடிப் பிடியுங்கள். நகரத்தில் தனியாக இருக்கும் ஒரு பையன் எப்படிப் பேசுவானோ அப்படியே இருக்கிற தமிழ். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிற தமிழ் ஒன்று திருக்குறளாக இருக்கிறது, இல்லாவிட்டால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று இருக்கிறது. அவர்களுடைய கோபத்தையும் சலிப்பையும் காதலையும் சொல்ல நடுவில் ஒரு தமிழ் வேண்டாமா? அது கிடைக்காததால்தான் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஐந்து பிள்ளைகளும் அப்படிப் போகாமல், நாகரி எழுத்தில் எழுதியாவது தமிழில் பாடுகிறார்கள்.

கேட்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிதார் கேட்கவே கேட்காது. பாதிக் குழு அதில்தான் இருக்கிறது. நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ அவசியம். என்னிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் இருக்கின்றன. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் யார் வந்தாலும் காபியோடு ஒரு தொகுப்பு முழுதாகக் கேட்கலாம். மேலே சொன்ன பெண்ணும் அவள் நண்பர்களும் இப்போது அப்படித்தான் வருகிறார்கள். என் மனைவிக்கு 'கண்டிசா' பிடித்துவிட்டது, சமையலறையில் முணுமுணுக்கிறாள்.

நம் சங்கத்துச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வரும் பொங்கல் விழாவில் அந்தக் குழுவுக்கு இருபத்தைந்து நிமிடம். டிரம்ஸ் வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் என் பொறுப்பு. சத்தத்துக்குப் பயப்படும் அன்பர்கள் முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்காரலாம். சிற்றுண்டி மேசையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.