ஐம்பது பேர் போனால் யானை தெரியாது



விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் ஒரே ஜீப்பில் பாணமை, உகந்தை வழியாகக் குமணைக்குப் போய் வந்தோம். 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம். வில்லுக் கரையில் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தோம். கண்டல் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள், தண்ணீரில் கூழைக்கடாக்கள். ஒரு யானை கிட்ட வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தன்பாட்டில் போனது.

திரும்பும்போது பாணமை வீதியில் பெரிய பஸ் ஒன்று. ஸ்பீக்கரில் பாட்டு. ஐம்பது பேர் இறங்கிச் சாப்பிட்டு, லஞ்ச் ஷீட்டையும் போத்தலையும் அப்படியே போட்டுவிட்டு ஏறினார்கள். வேறு யாருமல்ல, நம்ம ஆக்கள்தான். யானை எங்கே நிற்கிறது என்று எங்களிடமே கேட்டார்கள்.

பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்த படங்களை 2022இல் பகிர்ந்து கவலைப்பட்டதும் நாம்தான். பாதையில் கிடக்கும் முள்ளை எடுப்பதும் ஈமானில் சேர்ந்தது என்று வகுப்பில் படித்துக் கொடுப்பதும் நாம்தான்.

பஸ்தான் மலிவு என்பீர்கள். உண்மை, ஜீப்புக்குக் காசு கூடத்தான். அப்படியானால் பொத்துவில் களப்புக்குப் போங்கள். மீனவர்களே தோணியில் கூட்டிப் போவார்கள். கண்டல் காடும் பறவையும் அங்கேயும் உண்டு, கொடுக்கிற காசும் ஊருக்குள் நிற்கும்.

பாடசாலைச் சுற்றுலாவையும் பிரிக்கலாம். வருடத்துக்கு ஒரு பஸ் என்பதை விட்டு, தவணைக்குப் பத்துப் பிள்ளைகள். சோறு வாழையிலையில். குப்பை நம்மோடு வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

அடுத்த ட்ரிப்புக்குத் திட்டம் போடும்போது இதைக் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.