கடன் பத்திர இடிஎஃப்: பெரிய கைகளின் பலமும் பாரமும்

பல கடன் பத்திரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் நிதியே கடன் பத்திர இடிஎஃப். அதன் யூனிட்டுகள் பங்குச் சந்தையில் பங்குகளைப் போலவே கைமாறுகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள், வங்கிகள் அவற்றைப் பெருமளவில் வைத்திருப்பதால் சிறு முதலீட்டாளருக்கு நன்மை உண்டு. வர்த்தகம் பெருகுகிறது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது, நிர்வாகச் செலவு குறையவும் வழி பிறக்கிறது.

பெரிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வெளியேறினால் நிலைமை தலைகீழாகிறது. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் அமெரிக்காவில் எல்லோரும் ரொக்கத்தைத் தேடி ஓடினர். தரமான நிறுவனப் பத்திரங்களைக் கொண்ட எல்க்யூடி என்ற பெரிய இடிஎஃப்கூட நிகர சொத்து மதிப்பைவிட, அதாவது அதன் கையிலுள்ள பத்திரங்களின் கணக்கிட்ட மதிப்பைவிட, சுமார் 5 சதவீதம் குறைந்து விற்றது. பத்திரங்களே சரிவரக் கைமாறாததால் அந்த மதிப்பும் நிலவரத்தைவிடப் பின்தங்கியிருந்தது. இத்தகைய நிதிகளை வாங்கப்போவதாக மார்ச் 23 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அறிவித்த பிறகே பதற்றம் தணிந்தது.

பெரிய நிறுவனங்கள், நிதியுடன் நேரடியாக யூனிட்டுகளை மாற்றும் உரிமை பெற்ற ‘அங்கீகரிக்கப்பட்ட பங்கேற்பாளர்கள்’ வழியாக யூனிட்டுகளைக் கொடுத்துப் பத்திரங்களாகவே பெறலாம். அதனால் அவற்றின் வெளியேற்றச் செலவு மற்றவர் தலையில் பெரும்பாலும் விழுவதில்லை. சிறு முதலீட்டாளருக்கோ சந்தை விலை ஒன்றே கதவு. நெருக்கடியில் அவசரமாக விற்பவரே நட்டத்தைச் சுமக்கிறார்.

விலை வரம்பு குறித்து ஆர்டர் போடுவதும், சந்தை விலையை நிகர சொத்து மதிப்போடு ஒப்பிடுவதும் முதலீட்டாளரின் கடமை. யூனிட்டுகள் எத்தனை கைகளில் குவிந்துள்ளன என்பதைத் தெளிவாக வெளியிடுவது நிதி நிறுவனங்களின் கடமை.