துயரத்துக்குச் சான்றிதழ்

அமெரிக்காவில் தஞ்சம் கேட்பவர்களும் நாடுகடத்தலிலிருந்து விலக்குக் கேட்பவர்களும் விண்ணப்பத்தோடு இன்னொரு காகிதத்தையும் இணைக்கிறார்கள். உளவியல் மதிப்பீட்டு அறிக்கை. சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் வக்கீல் ‘இருந்தா நல்லது’ என்பார். முன்பின் தெரியாத ஓர் உளவியலாளர் முன்னால் சில மணி நேரம் உட்கார வேண்டும். தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா, சாகத் தோன்றுகிறதா என்ற கேள்விகளுக்கு மதிப்பெண் விழும். இதை மனிதாபிமானமான ஏற்பாடு என்று பாராட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துன்பப்பட்டவனே தன் துன்பத்தை நிரூபிக்க வேண்டும் என்ற வன்முறையின் நாகரிகமான வடிவம்தான் இது.

சட்டத்தின் சொற்களைப் பாருங்கள். அனுமதியின்றிப் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்துவிட்ட ஒருவர் நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ‘விதிவிலக்கான, மிக அசாதாரணமான இன்னல்’ நேரும் என்று காட்ட வேண்டும். 1996 சட்டத் திருத்தம் கொண்டுவந்த அளவுகோல் இது. அந்த இன்னலும் அவருக்கு நேர்ந்தால் கணக்கில்லை. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள துணைக்கு, பெற்றோருக்கு, பிள்ளைக்கு நேர வேண்டும். அப்பா போனால் பிள்ளை அழும் என்பது போதாது. அது சாதாரணத் துன்பமாம். ஆகவே பிள்ளையை உளவியலாளரிடம் கூட்டிப் போகிறார்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகப் படிக்கிறான் என்பது வழக்கைப் பலவீனமாக்கும் செய்தி. தன் பிள்ளையின் நோய் பெரிதாக இருக்க வேண்டுமே என்று ஒரு தாயை நினைக்க வைக்கிற சட்டத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அதிலும் ஆண்டுக்கு 4,000 பேருக்குத்தான் இந்த விலக்கு.

அறிக்கை பலன் தருகிறதா? தருகிறது. 2000 முதல் 2004 வரை ‘மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள்’ அமைப்பின் வழியாக மதிப்பீடு பெற்ற தஞ்ச வழக்குகளில் 89 விழுக்காடு வென்றன. அதே காலத்தில் நாடு முழுவதும் வென்றவை 37.5 விழுக்காடு. அவர்களுக்கு வக்கீல் இருந்தார், வழக்கும் வலுவாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியே இருக்கட்டும். குடிநுழைவு நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை கிடையாது. வக்கீலுக்கும் அறிக்கைக்கும் வழியில்லாதவன் வாங்கிய அடி அடியில்லையா?

இன்னொரு கொடுமை நினைவு பற்றியது. 2005-இல் வந்த ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தோடு சம்பந்தமே இல்லாத சின்ன முரண்பாட்டை வைத்துக்கூட ஒருவரைப் பொய்யர் என்று தீர்மானிக்கலாம். ஆனால் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு என்ன சொல்கிறது? கொசோவோ, போஸ்னிய அகதிகளிடம் ஒரே சம்பவத்தை இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். முரண்பாடுகள் சாதாரணமாக வந்தன. மனவடு கடுமையாக உள்ளவர்களிடம், இரு நேர்காணல்களுக்கும் இடைவெளி நீள நீள, முரண்பாடு கூடியது. காயத்தின் அறிகுறியையே பொய்யின் அறிகுறியாக எழுதிக்கொள்கிறது சட்டம்.

சரி, கண்ணுக்குத் தெரியும் தழும்பாக இருந்தால் நம்புவார்களா? பிரிட்டனில் தஞ்சம் கேட்ட ஓர் ஈழத்தமிழரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியின் தழும்புகள் இருந்தன. மருத்துவர் சித்திரவதை என்றார். தீர்ப்பாயமோ, மயக்க மருந்து போட்டுக்கொண்டு தானே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருப்பார் என்றது! 2019 மார்ச்சில்தான் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, மறுபடி விசாரிக்கச் சொன்னது. தஞ்சத்துக்காக ஒருவர் இப்படிச் செய்துகொள்வது மிக மிக அரிது என்பதைச் சொல்லவும் ஓர் உச்சநீதிமன்றம் தேவைப்பட்டது.

‘பொய் சொல்றவன் இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பது விசாரணை அதிகாரியின் வேலை. சித்திரவதையை ஆவணப்படுத்த 1999-இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது: சித்திரவதைக்கு ஆளான எல்லாருக்கும் மனநோய் வருவதில்லை. அப்படியானால் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவன் தோற்க வேண்டுமா? நான் உளவியலாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் காசு வாங்காமல் எழுதுகிறார்கள். உடைந்தவனுக்கு மட்டும் கதவைத் திறக்கும் அரசைத்தான் சொல்கிறேன்.

மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. இங்கே இந்தக் காகிதத்துக்குக்கூட வேலையில்லை. ஆனாலும் தீர்ப்பு சொல்ல நமக்கு வாய் நீளுகிறது. ‘பெண்டாத்தாங்’ என்று யாராவது நம்மைச் சொன்னால் கொதிக்கிறோம். ரோஹிங்யாக்காரரைப் பார்த்து ‘எல்லாம் நடிப்பு’ என்று நாமே சொல்கிறோம். அந்தத் தீர்ப்பாயம் ஈழத்தமிழரின் முதுகைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.