72 பேரும் 5,500 பேரும்

1885 டிசம்பர் 28-ம் நாள் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடினார்கள். பூனாவில் கூடுவதாகத்தான் ஏற்பாடு. அங்கே காலரா பரவியதால் பம்பாய்க்கு மாறிற்று. தலைமை வகித்தவர் கல்கத்தா வழக்கறிஞர் உமேஷ் சந்திர பானர்ஜி. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னை ஜி. சுப்பிரமணிய ஐயர். காங்கிரஸ் மகாசபை பிறந்தது இப்படித்தான்.

கேட்டது என்ன? சட்டசபைகளை விரிவாக்கு, ஐ.சி.எஸ். பரீட்சையை லண்டனில் மட்டும் வைக்காதே, இந்தியாவிலும் வை. ராணுவச் செலவைக் குறை. அதையும் ராஜ விசுவாசம் குறையாமல், மகஜர் நடையில் கேட்டார்கள். மனுப் போட்டே காலம் கழித்த கனவான்கள் என்று கேலி பேசினால் மேடையில் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கேலியில் எனக்குப் பங்கு வேண்டாம். 1878-ல் சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாய்க்குப் பூட்டுப் போட்ட ஆட்சி அது. அந்த ஆட்சியின் கணக்கேடுகளைப் புரட்டி, இந்தியனின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 20 ரூபாய்தான், சிறைக் கைதிக்குச் சர்க்கார் செய்யும் செலவுக்குக்கூட அது காணாது என்று எழுதிக் காட்டினார் தாதாபாய் நௌரோஜி. எதிரியின் கணக்கை எதிரியின் முகத்திலேயே வீசுவது சாமானிய வேலையா?

ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த மண்டபத்தில் ஆலைத் தொழிலாளி எங்கே?

அவன் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, தோழர்களே! ஓராண்டுக்கு முன்பே, 1884-ல், அதே பம்பாயில் 5,500 ஆலைத் தொழிலாளர்கள் தொழிற்சாலைக் கமிஷனுக்கு ஒரு மகஜர் கொடுத்திருந்தார்கள். முன்னின்றவர் நாராயண் மேகாஜி லோகாண்டே; ஜோதிராவ் பூலேயின் வழி வந்தவர். ஞாயிறு விடுமுறை வேண்டும். நடுப்பகலில் அரைமணி ஓய்வு வேண்டும். சம்பளத்தை மறுமாதம் 15-ந் தேதிக்குள் பட்டுவாடா செய்ய வேண்டும். இயந்திரத்தில் அடிபட்டவன் குணமாகும்வரை சம்பளம் வேண்டும். இவ்வளவுதான்! 1881-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்காதே என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரம் வாங்கிக்கொள் என்றது. பெரியவனுக்கு வரம்பே இல்லை.

இந்தக் கோரிக்கைகள் 72 பேரின் தீர்மானங்களில் இடம் பெறவில்லை. சுதேசிப் பத்திரிகைகள் பலவும் தொழிற்சாலைச் சட்டமே லங்காஷயர் முதலாளியின் சூழ்ச்சி என்றன. சூழ்ச்சி இருந்தது மெய்தான். 1882-ல் ஆங்கிலத் துணிக்கு இறக்குமதி வரியை நீக்கிக்கொண்டவர்கள் இந்தியத் தொழிலாளிமேல் திடீர் இரக்கம் கொள்வார்களா? ஆனால் லங்காஷயர்காரன் வஞ்சகன் என்பதால், பொழுதுக்கும் தறியடியில் நின்றவனின் கால்வலி பொய்யாகிவிடுமா? நம் முதலாளிக்கு அது எவ்வளவு வசதியான வாதம்!

லோகாண்டேயின் ஆட்கள் விடவில்லை. 1890-ல் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள்.

மண்டபமும் ஆலையும் கைகோக்க மேலும் காலம் பிடித்தது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார், கூலியும் உயர்ந்தது. அந்த மார்ச்சிலேயே அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜூலையில் பம்பாயில் திலகருக்கு ஆறு ஆண்டுத் தண்டனை. தீர்ப்புக் கேட்ட பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை.