பழைய பெயர் பிள்ளைக்குப் பாரமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்தைச் சூழ்ந்த ஊர்களில் பிள்ளை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சு எழுந்ததும் பெரும்பாலும் முதலில் தள்ளுபடியாவது பாட்டன் பாட்டியின் பெயர். கணபதிப்பிள்ளை, மயில்வாகனம், கண்ணம்மை, தெய்வானைப்பிள்ளை என்று யாராவது வாயெடுத்தால் உடனே மறுப்பு வரும். பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள், சாத்திரி சொன்ன எழுத்துக்கு அமையாது, கூட்டெண் சரிவராது, நாளை வெளிநாடு போனால் வெள்ளைக்காரன் வாயில் நுழையாது, ஊரில் நாலு பேருக்கு இருக்கும் பெயர் நம் பிள்ளைக்கு எதற்கு. பழைய பெயர் பிள்ளைக்குப் பாரம் என்ற இந்த நம்பிக்கை உன்னிச்சையில் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தொறன்ரோவிலும் ஒரேமாதிரி வேரூன்றியிருக்கிறது. சொல்லப்படும் காரணங்களில் ஒன்றில் மட்டும் உண்மையான காயம் இருக்கிறது. மற்றவை கேள்வி கேட்டதும் உதிர்ந்துவிடுபவை.

வேறெவருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்ற ஆசையை முதலில் பார்க்கலாம். படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் வரவு இடாப்பைத் திறந்தால் அந்த ஆசையின் விளைவு பக்கம் பக்கமாகத் தெரியும். டிலக்சன், திலக்சன், டினோஜன், நிரோஜன், நிதுர்சன், பிரதுர்சன். பெண்பிள்ளைகளில் டிலக்சிகா, தர்சிகா, திலக்சனா, நிதர்சனா. ஒவ்வொன்றும் தனித்துவம் தேடிப் பிறந்த பெயர். ஆனால் எல்லாம் அதே மூன்று நான்கு வால்களில் முடிகின்றன, அதே இரண்டு மூன்று எழுத்தில் தொடங்குகின்றன. டிலக்சனைக் கூப்பிட்டால் திலக்சனும் எழுந்து நிற்கிறான். அந்த இடாப்பில் ஒரு கதிர்காமனோ ஒரு வள்ளியோ இருந்தால் அந்தப் பிள்ளைதான் கூட்டத்தில் தனியாகத் தெரியும். இதே இடாப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து. அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒரு தங்கராசா, ஒரு பூபாலப்பிள்ளை, ஒரு சின்னத்தம்பி இருக்கிறார். முழுப் பெயரையும் எழுதச் சொன்னால் கேட்டதும் விளங்கும் பெயர் தகப்பனுடையதாக இருக்கும். பிள்ளையின் பெயருக்கோ விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், சில வேளை அந்த விளக்கம் வைத்தவர்களுக்கே தெரியாது.

பெயர் என்பது கூப்பிட்டதும் நாலு பேருக்கு விளங்க வேண்டியது. மயில்வாகனம் என்றால் முருகன் பக்தியுள்ள வீடு என்று தெரியும். மூத்ததம்பி, இளையதம்பி என்றால் வீட்டில் அவர் எத்தனையாவது என்பதும் தெரியும். ஒலி மட்டுமே உள்ள பெயர் இப்படி எதையும் சொல்வதில்லை. வைக்கப்பட்ட காலத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மிகப் புதுமையாக இருந்த ரமேஷும் சுரேஷும் இன்று மாமாக்களின் பெயர்கள். லக்சன் வரிசையும் அந்த வழியில்தான் போகும். நாகரிகத்துக்காக வைத்த பெயர் அந்த நாகரிகத்தோடு முதுமையடைகிறது. நாகரிகத்துக்கு வெளியே நிற்கும் பெயருக்கு அந்த ஆபத்து இல்லை.

இதற்குச் சான்று மண்ணுக்கடியிலிருந்தே கிடைத்திருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரையில் உள்ள பழைய துறைமுகமான குசேர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் கண்ணன், சாத்தன் என்று படிக்கத்தக்க பெயர்கள் இருக்கின்றன. காலம் ஏறக்குறைய கி.பி. முதலாம் நூற்றாண்டு. தமிழ்நாட்டில் கொடுமணல் ஓட்டில் கண்ணன் ஆதன் இருக்கிறான், கீழடி ஓட்டில் குவிரன் ஆதன் இருக்கிறான். தன் பானை இன்னொருவன் பானையோடு மாறிவிடக் கூடாது என்று யாரோ கீறிய எழுத்து அது. அந்தக் கண்ணன் இன்றும் உன்னிச்சைப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறான், ஆனால் வீட்டுப் பெயராக மட்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் டினோஜன், முற்றத்தில் கண்ணன் என்ற நிலை எத்தனையோ வீடுகளில் உண்டு. வாயாரக் கூப்பிட ஏற்ற பெயர் எது என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். பதிவாளரிடம் சொல்லத்தான் துணிவு வரவில்லை.

அடுத்தது நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பிள்ளை பிறந்த பாதத்துக்குரிய எழுத்தில் பெயர் தொடங்காவிட்டால் ஆகாது என்று பெற்றோரை அச்சுறுத்தும் இந்த அட்டவணை வடமொழி ஒலிகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஆயிலியத்தின் நான்கு பாதங்களுக்கும் டி, டு, டே, டோ; பூரத்தில் மூன்று பாதங்களுக்கு டா, டி, டு. தமிழில் ட மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய காலத்து விதி. ஆயிலியத்தில் பிறந்த பிள்ளைக்கு மரபான பெயர் ஒன்றுகூட மிஞ்சாததால், பெற்றோர் டிலக்சனை உருவாக்குகிறார்கள். அத்தத்தின் ஒரு பாதத்துக்கு ண, திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு ங என்று அதே அட்டவணை சொல்கிறது. ணகரத்தில் தொடங்கும் பெயரை எந்தச் சாத்திரியும் தந்ததில்லை. அந்த இடத்தில் நகரத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர்களே விலக்குத் தருகிறார்கள். ணகரத்துக்கு விலக்கு உண்டென்றால் டகரத்துக்கு ஏன் இல்லை? இந்த ஊர்களின் மூத்தவர்களுக்கும் சாதகம் எழுதப்பட்டது. அதற்காக அவர்கள் யாரும் டகரத்தில் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரம் சாதக ஓலையில் இருந்தது, பெயர் குலதெய்வத்திடமிருந்தும் பாட்டனிடமிருந்தும் வந்தது.

எண் சாத்திரத்தின் அடித்தளம் இதைவிட மெல்லியது. ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை மதிப்புக் கொடுத்துக் கூட்டும் முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கெய்ரோ என்ற புனைபெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் (1866–1936). அவர் கணக்கில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. வடக்கு கிழக்கில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் நெடுங்காலமாகத் தமிழிலேயே எழுதப்பட்டு வந்தது. ஆங்கில வடிவம் பிறகு அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது வருவது. பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் எண், அந்தப் பிள்ளையின் தாய்மொழியில் எழுதிய பெயரில் இல்லை, ஒரு மொழிபெயர்ப்பாளரின் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று நம்பச் சொல்கிறார்கள். இதை நம்பி இரட்டை ஏயும் தேவையில்லாத எக்ஸும் எச்சும் சேர்த்த பெற்றோரின் பிள்ளைகள், பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்று எழுத்துக்கூட்டல் மாறிப்போய், சத்தியக்கடதாசியோடு அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

வெளிநாட்டார் வாயில் நுழையாது என்பதும் நடந்த வரலாற்றோடு ஒத்துப்போகாத பேச்சு. 2011இல் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் ராதிகா சிற்சபைஈசன். 2015இல் அதே அவைக்கு வந்தவர் கரி ஆனந்தசங்கரி. அதே ஆண்டு ஒஸ்லோவின் துணை மேயரானவர் கம்சாயினி குணரத்தினம். சிற்சபையில் ஆடும் ஈசனின் பெயரை ஸ்காபரோ வாக்காளர்கள் சொல்லப் பழகினார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாவதால், நீளம் என்றும் பழசு என்றும் ஒதுக்கப்பட்ட பெயர்களே அங்கே கதவுப் பலகையிலும் தேர்தல் சீட்டிலும் நிலைத்து நிற்கின்றன. பிள்ளைக்கு வேண்டாம் என்று தள்ளிய கந்தசாமியைப் பேரப்பிள்ளைகளும் சுமக்கிறார்கள், அதனால் எவருக்கும் எந்த நட்டமும் வரவில்லை. வெள்ளைக்காரர்களோ தங்கள் பழைய பெயர்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். 1920களுக்குப் பிறகு முதல் முறையாக, 2018இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்பிள்ளைப் பெயர்களின் முதல் பத்துக்குள் ஆர்தர் மீண்டும் வந்தது. தமிழ்நாட்டிலும் ஆதிரை, கயல், நிலா, யாழினி என்று பெயர் வைக்கும் இளம் பெற்றோர் பெருகியிருக்கிறார்கள்.

கண்ணகி, சீதை, திரௌபதை என்று பெயர் வைத்தால் பெண்ணுக்குத் துன்ப வாழ்வு வரும் என்ற பேச்சு மட்டக்களப்பில் கேட்கவே கூடாதது. வைகாசியில் ஊர் ஊராகக் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு வைத்துக் குளிர்த்தி பாடும் நாடு இது. மழைக்கும் அவளையே வேண்டுகிறார்கள், அம்மை நோய்க்கும் அவளையே வேண்டுகிறார்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் முன்னால் தீ மிதிக்கிறார்கள். தெய்வமாக வாசலில் நிற்பவள் பெயராக வீட்டுக்குள் வந்தால் மட்டும் தீமை என்பது அந்த வழிபாட்டுக்கே அவமதிப்பு. துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்தரின் தாயார் பெயர் கண்ணம்மை. அந்தத் தாய் 1892இல் காரைதீவில் பெற்ற பிள்ளைக்கு மயில்வாகனம் என்று பெயர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியது அந்த மயில்வாகனம். துறவு பூண்டு விபுலாநந்தரானது அதற்குப் பிறகு, 1924இல்.

இனி, பகிடி. இதில்தான் காயம் இருக்கிறது. பழைய பெயர்கள் எல்லாம் எல்லாருக்கும் கிடைத்தவை அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கந்தன், வேலன், சின்னி என்று குறுக்கியே அழைத்தார்கள், அப்படியே பதிந்தார்கள். கந்தையா, வேலுப்பிள்ளை என்ற மரியாதை வடிவங்களை மேல்சாதியினர் தமக்கென்று வைத்துக்கொண்டனர். மட்டக்களப்பில் பெயரோடு ஒட்டிய போடி என்ற பட்டம் வயலும் அதிகாரமும் உள்ளவர்களின் அடையாளம். பிள்ளைகள் தொடர்ந்து இறந்த வீடுகளில் பிச்சை, குப்பை என்று வேண்டுமென்றே இழிபெயர் வைத்ததும் உண்டு. சாதி தெரியாத புதுப் பெயரை நாடியவர்களில் பலர் இந்த இழிவிலிருந்து வெளியேறவே நாடினார்கள், அது முழுக்க நியாயம். பகிடிக்குள்ளான பெயர்களின் பின்னணியைப் பார்த்தால், அங்கே இழிவுபடுத்தப்பட்டது பெரும்பாலும் பெயர் அல்ல, அதை உடைய மனிதர். ஆனால் இன்று எந்தப் பதிவாளரும் இந்தப் பெயர் உனக்கில்லை என்று சொல்ல முடியாது. முன்பு மறுக்கப்பட்ட பெயர்களைத் தம்முடையதாக எடுத்துக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு. பழைய பெயர் என்றால் தூய தமிழ்ப் பெயர் என்றும் கொள்ள வேண்டியதில்லை. மயில்வாகனத்தில் பாதி வடமொழி. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஆதம்பாவா, மீராலெப்பை என்ற பெயர்கள் அரபும் தமிழும் கலந்து இந்த மண்ணிலேயே விளைந்தவை. அவையும் இதே காரணத்துக்காக, பழசு என்று, அருகி வருகின்றன.

இந்த நம்பிக்கையால் மிகுதியாக இழப்பது பெண்கள். மட்டக்களப்புச் சமூகத்தில் குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போவது. மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று நூல் மண்முனையை ஆண்டவளாக உலகநாச்சி என்ற பெண்ணைச் சொல்கிறது. இருந்தும் எழுத்துப் பதிவில் பெயர் தொடர்வது தகப்பன் வழியில் மட்டும். கணபதிப்பிள்ளை என்ற பெயரைப் பேரனுக்கு வைக்காவிட்டாலும் அது மகனின் தலைப்பெழுத்தாக இன்னொரு தலைமுறை வாழும், கனடாவுக்குப் போனால் குடும்பப் பெயராக அதற்கு மேலும் வாழும். தெய்வானைப்பிள்ளைக்கும் வள்ளிப்பிள்ளைக்கும் அந்த வழி இல்லை. வளவைத் தந்து குடியையும் தந்த அம்மம்மாவின் பெயர் தொடர்வதற்கு உள்ள ஒரே இடம் பேத்தியின் பெயர்தான். பிறப்பைப் பதிவதற்குச் சட்டம் தரும் காலம் 42 நாள். அதற்குள் துடக்கும் கழிந்துவிடுகிறது. அந்த நாட்களில் சாத்திரியிடம் எழுத்துக் கேட்டு ஓடும் வீடுகள், அம்மம்மாவிடம் அவளுடைய அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டாலே, அடுத்த பெயர் கிடைத்துவிடும்.