வலியை நம்ப மறுக்கும் சமுதாயம்

நோயாளிக்கு நாம் இழைக்கும் கொடுமைகளுள் தலையாயது, அவர் சொல்லை நம்ப மறுப்பதே என்பேன்.

என் அன்னையார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் மரம் சீவியவர். நீரிழிவு அவருடைய கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. இரவில் போர்வை பட்டாலும் பாதம் நெருப்பாய் எரியும். மருத்துவர் ஒருவர், "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வயதானால் அப்படித்தான்" என்று வலி மாத்திரை தந்து அனுப்பினார். உறவினரோ, "முன்வினை" என்று தீர்ப்பு வழங்கினர்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும்; நரம்பின் எரிச்சலைக் காட்டுமா? சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அதற்கென அமிட்ரிப்டிலின், கபபென்டின் போன்ற மருந்துகள் உள்ளன. அவையும் எல்லார்க்கும் முழுப்பயன் தருவதில்லை என்பது உண்மையே. ஆயினும், மருந்து தோற்றதற்கு நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நீதி? வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என அனைத்துலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் தெளிவுறுத்தியது. நம் சுகாதார அமைச்சோ, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் முதலியவற்றோடு வலியையும் அளந்து குறிக்கும் கொள்கையை 2008-இலேயே ஏற்றது. ஏட்டில் ஏறிய கொள்கை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்ததா?

நம்பப்படாதவர் எங்கே போவார்? "மூன்றே நாளில் நரம்பு வலி பறந்துவிடும்" என்று கூவுபவனிடம் போவார். என் அன்னையாரும் சந்தையில் பெயரற்ற தூள் ஒன்றை வாங்கி உண்டார். வலி தணிந்தது, முகம் ஊதியது, சர்க்கரை ஏறியது. அத்தூளை எவரும் சோதிக்கவில்லை. ஆனால், பதிவு பெறாத இத்தகைய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டறிந்துள்ளனர். அது வலியைச் சில நாள் மறைக்கும், சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை நரம்பை மேலும் அழிக்கும். மருந்தே நோயை வளர்க்கும் விந்தை இது!

பாரம்பரிய மருத்துவத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதனை நெறிப்படுத்த 2016-இல் சட்டமே இயற்றப்பட்டது. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் அரசு மருத்துவமனையிலும் அதற்கென ஒரு பிரிவு அமைந்தது. பதிவெண்ணும் இன்றி, உள்ளிருப்பதையும் மறைத்து விற்கும் வஞ்சகத்தையே சாடுகிறேன். அந்த வஞ்சகனுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுப்பவர் யார்? வலியை நம்ப மறுத்த நாம்தாம்!

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்றது. இனவாரியாக இந்தியரிடையேதான் அது மிகுதி. எனவே, இது ஓர் அன்னையின் கதை மட்டுமன்று.

நாளை உங்கள் வீட்டில் ஒருவர் "கால் எரிகிறது" என்பார். அறிவுரை கூறாதீர்கள். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். ஒரு மருத்துவர் செவி சாய்க்காவிடில் இன்னொருவரை நாடுங்கள். வலி முற்றும் தீராமற் போகலாம். ஆனால், வலியோடு தனிமையையும் சுமக்கும் நிலையை நாம் தீர்க்க முடியும்.