முதல் நாளே 'ஔ' எழுதச் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "ஜப்பான் சீரியல் பார்த்ததே இல்லை, எதிலிருந்து தொடங்கலாம்?" ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. எல்லாமே நல்ல தொடர்கள்தான். ஆனாலும் அத்தனை பதிலும் தப்பு என்று சொல்கிறேன். அங்கேயே சொல்லியிருப்பேன். பெரியவர்கள் சண்டை போட்டால் பிள்ளைகள் குழுவை விட்டே ஓடிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன வகுப்புகளுக்கே பாடம் எடுத்தவள் நான். ஒன்றாம் வகுப்பில் முதலில் ட, ப, ம என்றுதான் எழுதிக் காட்டுவேன். எழுத சுலபம். அன்றைக்கே 'படம்' என்ற சொல்லைப் பிள்ளை தானாகப் படித்துவிடும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டும். மறுநாள் அழாமல் வரும். 'ஔ' மட்டமான எழுத்து என்றா அதைத் தள்ளி வைத்தேன்? அதற்கும் ஒரு நாள் வரும். முதல் நாள் அதற்கில்லை.

நீங்கள் எல்லாரும் சொன்னது 'ஔ'.

எங்கள் வீட்டுக்காரர் 'ஓஷின்' என்றார். 1983இல் என்.எச்.கே. ஒளிபரப்பத் தொடங்கியது. ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்தின் கதை. பல நாட்டு மக்கள் அழுதார்கள், சரி. ஆனால் 297 பகுதிகள்! ஒரு பகுதி கால் மணி நேரம்தானே என்கிறார். கணக்குப் போடுங்கள், 74 மணி நேரம் வருகிறது. எட்டிப் பார்க்க வந்தவரைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்து வாசல் கதவைச் சாத்துவது போலல்லவா இருக்கிறது?

வங்கியில் இருக்கும் என் மாணவன் ஒருவன் 'ஹன்சாவா நாவோகி' என்றான். 2013இல் வந்தது. பத்தே பகுதிகள். அடித்தவனுக்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று ஒரு வங்கி அதிகாரி கர்ஜிப்பார். எனக்கும் பிடிக்கும். ஆனால் கடன், தணிக்கை, பதவி என்று ஆளாளுக்கு மூச்சுவிடாமல் பேசுவார்கள். புதிதாகப் பார்ப்பவர் கீழே ஓடும் ஆங்கில வரியைப் படிப்பாரா, நடிப்பவர் முகத்தைப் பார்ப்பாரா? நீ வேகமாகப் படிப்பாய் ராஜா. எல்லாரும் நீயா?

இளவட்டங்கள் ஒரே குரலில் 'ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்' என்றீர்கள். ஆளில்லாத டோக்கியோ, விளையாட்டில் தோற்றால் சாவு. "இதுதான் டீச்சர் ஆளை இழுக்கும்" என்று வேறு சொன்னீர்கள். இழுக்கும்தான். எங்கே இழுக்கும்? பார்த்து முடித்தவர் "இதே மாதிரி வேறு இருக்கா?" என்று கேட்டு நேராகக் கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' பக்கம் போய்விடுவார். ஜப்பான் பக்கம் திரும்ப மாட்டார். மிட்டாய் கொடுத்துப் பள்ளிக்கு வரவைத்தால் பிள்ளை மிட்டாயைத்தான் தேடும்.

கடைசியாக 'ஒன் லிட்டர் ஆஃப் டியர்ஸ்'. இதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பதிவே.

2005இல் வந்த, 11 பகுதிகள் கொண்ட தொடர். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நரம்பு நோய். நடை போகிறது, கை போகிறது, பேச்சும் போகிறது. கிட்டோ ஆயா என்ற பெண் உண்மையிலேயே எழுதிய நாட்குறிப்பை வைத்து எடுத்தது. என் தம்பி மகள் இதைப் பார்த்துத்தான் ஜப்பான் தொடர்களுக்கு வந்தாள். அதனால் எங்கள் பெரியக்காவுக்கும் இதையே போட்டுக் கொடுத்தாள். அத்தான் போன பிறகு அக்காவின் சாயங்காலங்கள் வெறுமையாகக் கிடந்தன. பிள்ளை பாசத்தில் செய்ததுதான்.

மூன்றாவது பகுதியில் அக்கா எழுந்து போய்விட்டாள். "நாலு வருஷம் படுக்கையில் கிடந்த மனுஷனுக்கு எல்லாம் எடுத்துப் போட்டேன். அதையே டிவியிலும் பார்க்கணுமா? ஜப்பான்காரன் சமாச்சாரமே எனக்கு வேண்டாம்." ஒரு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. நல்ல தொடர், நல்ல பிள்ளை, நல்ல மனசு. ஆனால் கதவு சாத்திக்கொண்டது.

இந்த வருஷம் அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தபோது, "25 நிமிஷம்தான் அக்கா, பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம்" என்று சொல்லி 'மிட்நைட் டைனர்' போட்டேன். 2009இல் தொடங்கியது. டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஒரு சந்து. நடுராத்திரி 12 மணிக்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும் சின்னச் சாப்பாட்டுக் கடை. பட்டியலில் இருப்பது ஒரே ஒரு பன்றிக்கறி சூப்பும் குடிவகைகளும். ஆனால் கேட்டதை, கையில் சாமான் இருந்தால், கடைக்காரர் செய்து கொடுப்பார். ஒரு பகுதிக்கு ஒரு சாப்பாடு, ஒரு ஆளின் கதை. அதிகம் பேசமாட்டார்கள். எழுத்தையும் படிக்கலாம், முகத்தையும் பார்க்கலாம்.

நான் போட்டது இரண்டாவது பகுதி. பேர் கிடைக்காத ஒரு பாடகி வந்து, பூனைக்குப் போடும் சோறு கேட்கிறாள். சுடுசோற்றின் மேல் காய்ந்த சூரை மீனைச் சீவித் தூவி, சோயா சாஸ் ஊற்றித் தருகிறார் கடைக்காரர். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம மாசிதானேடி அது!" தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். அந்தப் பாடகிக்குப் பேர் கிடைக்கிறது. கிடைத்த கையோடு நோய் வந்து இறந்தும் போகிறாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பயந்துபோய் ரிமோட்டை எடுத்தேன். அவள் கேட்டது: "அடுத்தது என்ன சாப்பாடு?"

பாருங்கள், அதிலும் நோய், அதிலும் சாவு. அக்கா துக்கத்துக்குப் பயந்தவள் இல்லை. தாங்குகிற அளவில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள்.

மறுப்பும் தெரியும். "அந்தக் கடைக்கு ரவுடி வருகிறான், ஆடை அவிழ்த்து ஆடும் பெண் வருகிறாள், இதையா பெரியவர்களுக்குக் காட்டச் சொல்கிறீர்கள்?" ஆமாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்களுக்குத் தாராளமாக. முதல் பகுதியில் ரவுடி கேட்பது ஆக்டோபஸ் போல வெட்டிய சிவப்பு சாசேஜ். பக்கத்தில் மதுக்கடை நடத்தும் தன்பாலீர்ப்பாளர் கேட்பது இனிப்பு முட்டைப் பொரியல். ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். இதில் என்ன கெட்டுப்போகிறது? எழுபது வயதுக்காரர்களுக்கு உலகம் தெரியாது என்று நினைப்பதுதான் அவமரியாதை.

"அடுத்த பகுதியைப் பார்த்தே ஆகணும் என்ற துடிப்பு இதில் இல்லையே?" இல்லை. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நிறுத்த முடிந்தும் மறுநாள் தானாக வந்து உட்காருகிறவர்தான் நிலைப்பார். அதற்கப்புறம் ஹன்சாவாவும் கொடுங்கள், ஓஷினும் கொடுங்கள்.

இவ்வளவு காரமாக எழுத எனக்குத் தகுதி உண்டா என்றால், நானும் இதே தப்பைச் செய்தவள். ஐந்தாம் வகுப்பில் நன்றாக வாசித்த ஒரு பையனுக்கு, எனக்கு உயிரான ஒரு கனத்த சரித்திர நாவலைப் பரிசாகக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதுக்கப்புறம் கதைப் புத்தகமே தொடலை டீச்சர். அதுவே புரியலைன்னா நமக்கு வராதுன்னு நெனச்சுட்டேன்." அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்குப் பிடிக்குமா என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பிடித்ததை அவன் மெச்ச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்கள் குழுவில் போட்ட பதில்களிலும் அந்த ஆசைதான் தெரிகிறது.

அந்தப் பையனும் இதைப் படிப்பான். தம்பி, தப்பு புத்தகத்திலும் இல்லை, உன்னிடமும் இல்லை. என்னிடம்தான். இன்று ராத்திரி 25 நிமிஷம் ஒதுக்கு. பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடு, டீச்சர் கோபிக்க மாட்டேன்.

மற்றவர்கள் கீழே வந்து சண்டை போடலாம். எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.